கையெழுத்துக்குக் காத்திருக்கும் காணி: வேலூர் முகாம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்களிடம் இது ஒரு காணி விற்பனைச் சிக்கலாகத்தான் வந்தது. வேலூர் வட்டாரத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் வசிக்கும் பெண் அவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. கிளிநொச்சி மாவட்டத்தில் தமக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயலை விற்று, மூத்த மகளின் திருமணத்தை முடித்துவிட நினைத்தார். வாங்க ஆள் கிடைத்தது, விலையும் படிந்தது, உறுதியும் (காணிப் பத்திரம்) அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கணவரின் கையெழுத்து இல்லாமல் எழுத முடியாது என்று அங்குள்ள நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) கையை விரித்துவிட்டார். கணவரை 2007-ல் வவுனியாவில் வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மேல்மொணவூரா, மின்னூரா, சின்னப்பள்ளிக்குப்பமா, வேறெதுவுமா என்றும் சொல்லப்போவதில்லை. முகாம்கள் சிறியவை; இரண்டு தகவல் கிடைத்தால் மூன்றாவதை எவரும் ஊகித்துவிடுவார்கள். அவரை இங்கே 'அக்கா' என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் அழைக்கிறேன். அவர் என்னைப் 'பிள்ளை' என்பார்.

போர் முடிந்த பிறகு நீதி என்றால் நீதிமன்றம், ஆணைக்குழு, ஜெனீவா என்று பெரிய சொற்களாகவே நம் மனத்தில் வருகிறது. அந்த நீதியில் பெண்ணுக்குச் சம இடம் வேண்டும் என்று தீர்மானங்களும் குறைவில்லாமல் இருக்கின்றன. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325-ஆம் தீர்மானம் 2000 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆனால் அக்காவின் கோப்பைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. சமத்துவம் கைநழுவிப் போவது அறிக்கையின் முன்னுரையிலோ முடிவுரையிலோ அல்ல. விண்ணப்பத்தில் யார் பெயரை எழுதுவது, யார் கையெழுத்துப் போடுவது என்ற கட்டங்களில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

வட மாகாணத் தமிழர்களுக்குச் சொத்து விஷயத்தில் தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழர் வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். அதோடு சேர்ந்து வருவது 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். மணமான பெண்ணின் அசையாச் சொத்து அவளுடையதுதான் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவன் தன் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. நூறாண்டு கடந்த சட்டம் இது. போர் வந்து கணவன்மார் ஆயிரக்கணக்கில் காணாமல் ஆக்கப்பட்ட பிறகும் மாறவில்லை.

விதிவிலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருப்பிடம் தெரியாமல் இருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். ஏட்டில் நல்ல வழிதான். வேலூர்ப் பக்கம் ஒரு முகாமில் இருந்துகொண்டு கிளிநொச்சி நீதிமன்றத்தில் மனுப் போடுவது எப்படி என்பதற்கு மட்டும் சட்டத்தில் பதில் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு: கணவர் இறந்துவிட்டார் என்று பதிவு செய்துவிடலாம். ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிவு செய்ய 2010-ல் இலங்கையில் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. பலர் அதை ஏற்கவில்லை. மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டால் தேடுவதை நிறுத்திக்கொண்டதாக ஆகிவிடும் என்ற அச்சம் ஒருபுறம். கொண்டுபோனவர்களுக்கு அதுவே விடுதலைப் பத்திரமாகிவிடும் என்ற கோபம் மறுபுறம். குடும்பங்கள் தொடர்ந்து மறுத்ததால் 2016-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் பதிவு செய்யும் ஒரு சான்றிதழ் வந்தது. அதைக் கொண்டு சொத்தை நிர்வகிக்கவும் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். இலங்கையின் போருக்குப் பிந்தைய நீதி முயற்சிகளில் பெண்களின் பிடிவாதத்தால் நடந்த உருப்படியான மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே வேலூரிலும் அந்தக் கேள்வி அக்காவை விடவில்லை. ஓர் அலுவலகத்தில் படிவத்தை நிரப்பியவர், "ஏழு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இறந்ததாகவே எழுதிவிடலாம் அம்மா" என்றார். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் ஏழாண்டு அனுமானத்தை மனத்தில் வைத்து, உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா பேனாவை அவரிடமிருந்து வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தப் படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை.

கோப்பில் யார் இருக்கிறார்

அக்கா 2008-ல் இரண்டு மகள்களுடன் படகில் வந்து, ராமேசுவரம் அருகே மண்டபம் முகாமில் பதிவாகி, பிறகு இங்கே அனுப்பப்பட்டவர். அதனால் போருக்குப் பின் இலங்கையில் அமைந்த எந்த விசாரணையிலும் அவர் நேரில் பேசியதில்லை. 2010-ல் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013-ல் காணாமற்போனோர் முறைப்பாடுகளுக்காக அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழு, 2018-ல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் ஆகிய மூன்றிடமும் போனவர் அவருடைய மாமி, அதாவது கணவரின் தாய். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா, 2017 பிப்ரவரி 20-ல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பு தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் மகனின் படத்தை ஏந்தி உட்கார்ந்தவர்.

அவர் அனுப்பிய நகல்களைப் பார்த்தேன். விண்ணப்பதாரர்: தாய். காணாமற்போனவரின் தொழில், அன்று அணிந்திருந்த சட்டை, வண்டியின் நிறம், வந்தவர்கள் பேசிய மொழி என்று எல்லாம் நுணுக்கமாக இருக்கின்றன. மனைவி என்ற இடத்தில் அக்காவின் பெயர் எழுத்துப் பிழையோடு இருக்கிறது, பக்கத்தில் "இந்தியா". அவ்வளவுதான். கணவரைக் கொண்டுபோன சில நாட்களில் அதே ஆட்கள் இரவில் மறுபடியும் வீட்டுக்கு வந்தார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அந்த இரவில் நடந்ததை மாமிக்கும் அவர் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

மாமியின் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். கேள்விகள் எல்லாம் காணாமற்போன ஆணைப் பற்றியவை. தென்னாப்பிரிக்காவின் உண்மை ஆணைக்குழுவிலும் இதுவேதான் நடந்தது. சாட்சி சொல்ல வந்த பெண்களில் பெரும்பாலோர் மகனுக்கும் கணவனுக்கும் நேர்ந்ததைச் சொல்லிவிட்டுத் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமலே எழுந்து போனார்கள். பெண் அமைப்புகள் அதைச் சுட்டிக்காட்டிய பிறகே 1996, 1997-ல் பெண்களுக்கான தனி அமர்வுகள் நடந்தன.

இலங்கையிலும் ஒரு வாய்ப்பு வந்தது. 2015-ல், போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறலும் நல்லிணக்கமும் கோரிய ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்தை இலங்கை தானே இணை அனுசரணை வழங்கி ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு செயலணி அமைந்தது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான பதினொரு பேரில் ஆறு பேர் பெண்கள். ஏழாயிரத்துக்கும் அதிகமான கருத்துகளைத் திரட்டி, 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். பெண்கள் என்ன சொன்னார்கள், எப்படிச் சொல்ல விரும்பினார்கள் என்பதை அந்த அறிக்கை அக்கறையோடு பதிந்திருக்கிறது. 2020-ல் அரசே 30/1 தீர்மானத்திலிருந்து விலகிக்கொண்டது. அறிக்கை அலமாரிக்குப் போய்விட்டது.

வேலூரில் நீதியின் எல்லை

ஈழத் தமிழர் என்றால் வேலூர்ப் பெரியவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது 1995 ஆகஸ்ட். கோட்டைக்குள் திப்பு மகாலில், போராளிகள் என்று கருதப்பட்டவர்களை அடைத்துவைத்திருந்த சிறப்பு முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிய செய்தி. இன்றும் கோட்டைக்கு வரும் விருந்தினர்களுக்கு அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அதே ஆண்டுகளில் வரிசை வீடுகளில் பிள்ளைகளோடு வந்து இறங்கிய பெண்களைப் பற்றி ஊரில் ஒரு கதையும் கிடையாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021-ல் முகாம்களின் பெயரிலிருந்து 'அகதி' என்ற சொல் எடுக்கப்பட்டது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆகவும் உயர்ந்தது. பத்தடிக்குப் பத்தடி அறைகளை இடித்துவிட்டுப் புது வீடுகள் கட்டும் பணியை அந்த நவம்பரில் முதலமைச்சர் மேல்மொணவூரில்தான் தொடங்கிவைத்தார். 2023 செப்டம்பரில் கட்டி முடிந்த வீடுகளை ஒப்படைத்ததும் அங்கேதான். கதவு உள்ள வீடு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சேலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருபது வருடம் வாழ்ந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் இந்திய அரசின் கண்ணில் இவர்கள் வெளிநாட்டவர்தான். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. ஆகவே அக்காவின் குறை இரண்டு நாட்டுக்கும் நடுவில் தொங்குகிறது. நடந்தது அங்கே என்பதால் இங்கே வழக்கில்லை. இருப்பது இங்கே என்பதால் அங்கே கேட்பாரில்லை. முகாமில் கணக்கெடுக்கும் நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போவதென்றால்கூட நாள் பார்த்து, அனுமதி வாங்கி, ஷூ கம்பெனியில் ஒருநாள் கூலியை விட்டுத்தான் போக வேண்டும்.

இடையில் ஆதரவு தரவும் ஆட்கள் வந்துபோனார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். எந்தப் பெண்ணுக்கு எந்தத் துயரம் வந்தாலும் நம் நிறுவனங்கள் கொடுப்பது தையல் மிஷின். அக்கா வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்றின்மேல் தொலைக்காட்சி இருக்கிறது. கொடுத்தவர்கள் இருவரும் அவருடைய 'கதையை' முழுதாகக் கேட்டு, எழுதி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறை சொன்ன பிறகும் பத்து நாள் தூக்கமில்லை என்கிறார். காணிச் சிக்கலைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவே இல்லை.

செய்தது

முதல் முடிவு, அந்த இரவைப் பற்றி இனி யாரும் அவரிடம் கேட்கக் கூடாது என்பது. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் ஒரே ஒரு முறை, அவர் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம், எழுத்தாகப் பதிவு செய்துகொள்வோம். பிறகு எங்கே தேவைப்பட்டாலும் அந்தத் தாள் போகட்டும், அவர் போக வேண்டாம். மாதங்கள் கழித்து அவரே கேட்டார். ஒரு பெண் வழக்கறிஞர் முன்னிலையில் அது எழுதப்பட்டது. மனநல ஆலோசனைக்கு அவர் சம்மதித்தது அதற்கும் பிறகுதான். தமிழ் பேசும் பெண் மருத்துவராக இருக்க வேண்டும், முகாமுக்கு யாரும் வரக் கூடாது என்பவை அவருடைய நிபந்தனைகள். இரண்டுமே நியாயமானவை.

அடுத்தது காணி. கிளிநொச்சியில் இருக்கும் தங்கைக்கு அற்றோர்னித் தத்துவம் (தம் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்து, துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பினார். தங்கை மூலம் இரண்டு வேலைகள் தொடங்கின: காணவில்லை என்ற சான்றிதழுக்கு விண்ணப்பம், கணவரின் இருப்பிடம் தெரியாததால் தனித்துக் கையெழுத்திட அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனு. இந்த முறை விண்ணப்பதாரர் அக்கா.

சிக்கல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மாமியிடம் சொல்லாமல் செய்வது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கோர்ட்டில் போய் என்ன சொல்லப் போகிறாய் பிள்ளை? அவன் இல்லை என்றா?"

"இல்லை மாமி. எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்று. அது உண்மைதானே."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பழைய விண்ணப்பங்களின் இலக்கங்களைத் தங்கையிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

கொழுந்தனாரின் எதிர்ப்பு அப்படி எளிதில் அடங்கவில்லை. அவருக்கு வேண்டியது மரணச் சான்றிதழ். அவர்களின் தகப்பன் பெயரில் அரச அனுமதிப்பத்திரக் காணி ஒன்று இருக்கிறது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் (அடுத்து உரிமை பெறுபவர்) நியமிக்கப்படாவிட்டால் அப்படிப்பட்ட காணி வாரிசு வரிசையில் ஆண்களுக்கே முதலில் போய்க்கொண்டிருந்தது. 2022-ல்தான் திருத்தம் வந்து மகன், மகள் என்ற பேதத்தை நீக்கியது. மூத்த மகன் இறந்ததாகப் பதிவானால் தமக்கு வழி சுலபமாகும் என்பது கொழுந்தனாரின் கணக்கு. காணாமற்போனோர் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் என்று 2019 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபோதும் அது தாய்க்கா மனைவிக்கா என்று இந்த வீட்டில் ஒரு மனஸ்தாபம் வந்ததாம். நிவாரணத்தைக் குடும்பத்துக்கு என்று பொதுவாகக் கொடுத்தால் குடும்பத்துக்குள் யார் கை ஓங்கியிருக்கிறதோ அங்கேதான் போய்ச் சேரும். இதைத் திட்டம் வகுப்பவர்கள் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

யோசித்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. கிழக்குத் திமோரின் உண்மை ஆணைக்குழு 2005-ல் கொடுத்த அறிக்கை, இழப்பீட்டு நிதியில் குறைந்தது பாதி பெண்களுக்கு என்று ஒதுக்கச் சொன்னது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையைத் தனித்து வாழும் தாய்மார் கையில் மாதாமாதம் கொடுக்க வேண்டும். பணம் வாங்க வரும் இடத்திலேயே மருத்துவமும் ஆலோசனையும் தொழிற்பயிற்சியும் இருக்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவள் என்று தனியாக முத்திரை குத்தாமலே ஆதரவு கொடுக்கிற வழி இது. செயலுக்கு வரவில்லை என்றாலும் வரைவு அங்கே இருக்கிறது. குவாத்தமாலாவின் செப்பூர் சார்க்கோ வழக்கு இன்னும் நெருக்கமானது. காணிப் பத்திரம் கேட்ட ஆண்களை 1982-ல் ராணுவம் கொண்டுபோனது. அவர்களுடைய மனைவியரை ராணுவ முகாமில் அடிமைகளாக வைத்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கெக்சீ இனத்துப் பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்கள். இந்த முறை கணவருக்காக மட்டும் அல்ல, தங்களுக்காகவும். 2016 பிப்ரவரி 26-ல் முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவருக்கும் ராணுவத்துக்குத் துணைபோன ஒருவருக்கும் தண்டனை கிடைத்தது. அடுத்து வந்த இழப்பீட்டு உத்தரவில் மருத்துவ நிலையம், பள்ளிக்கூடம், அந்தப் பழைய காணிக் கோரிக்கை எல்லாம் இடம்பெற்றன. இதை அக்காவுக்குச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முகத்தை மூடிக்கொள்ள விட்டார்களா?"

பாலினச் சமத்துவம் என்று எழுதும்போது ஆண்களை விட்டுவிடுவதும் சரியல்ல. தடுப்புக்காவலில் ஆண்கள்மீதும் பாலியல் வதை நடந்ததை 2015-ல் வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. முகாம்களில் பெயின்ட் வேலைக்குப் போகும் ஆண்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் பேச ஓர் இடம் பெண்களுக்கு இருப்பதைவிடவும் குறைவு. இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது அல்ல. ஆனால் 'பெண்கள் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்குள் அவர்கள் வரமாட்டார்கள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இன்றைய நிலை

மூத்த மகளின் திருமணம் வயலை விற்காமலே நடந்துவிட்டது. நகையை அடகு வைத்தார். மீதி, முகாமில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன். மாப்பிள்ளை ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறார். சான்றிதழ் விண்ணப்பம் மாவட்டப் பதிவாளரிடம் இருக்கிறது. நீதிமன்ற மனுவில் கொழுந்தனார் எதிர்ப்புத் தாக்கல் செய்ததால் விசாரணைத் தேதி தள்ளிப்போகிறது. அக்கா இப்போது வயலை விற்க விரும்பவில்லை. தங்கைக்குக் குத்தகைக்கு விடுவேன், ஆனால் விற்கிற உரிமை என் கையில் இருக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் மனு எதற்கு என்று வழக்கறிஞர் கேட்டதற்கு, அதற்குத்தான் மனு என்றார்.

இங்கிருந்து செய்யக்கூடியவை சில கண்முன் தெரிகின்றன. முகாமில் இருப்பவர்கள் காணாமற்போனோர் விண்ணப்பங்களைத் துணைத் தூதரகத்திலோ, மாதம் ஒருமுறை முகாமுக்கு வரும் அலுவலரிடமோ நேரடியாகக் கொடுக்க வழி செய்யலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலங்கைச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையை ஏற்பாடு செய்யலாம். இதற்கெல்லாம் தீர்மானமும் வேண்டாம், உடன்படிக்கையும் வேண்டாம். 1911 சட்டத்தின் சம்மதப் பிரிவை நீக்குவது இலங்கைப் பாராளுமன்றத்தின் வேலை. அதற்குக் குரல் கொடுப்பவர்களில் புலம்பெயர்ந்த ஆண்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த இரவைப் பற்றி வழக்கறிஞர் முன் எழுதிய அந்த ஒரே தாள் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று அக்காவிடம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் உள்ள கணவரின் கோப்போடு அதைச் சேர்ப்பதா, தம் பெயரில் தனியாக ஒரு முறைப்பாடாகக் கொடுப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. இளைய மகள் நர்சிங் படிக்கிறாள். தேர்வு முடிந்து அவள் வந்ததும் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.